புயல் இரவுக்கு ஒரு ஜாவா: கடலோர வரைபட சர்வர்களின் இயக்கச் சூழல் குறித்து

2022 டிசம்பர் 9 இரவு பத்தரை மணிக்கும் மறுநாள் அதிகாலை ஒன்றரை மணிக்கும் இடையில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோதும் காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கரையைக் கடக்கும் என்றுதான் அறிவிப்புகள் வந்துகொண்டிருந்தன. முடிவில் அது புதுச்சேரி அருகே கரையேறியது. இத்தகைய நாட்களில் இந்தக் கரையின் வரைபடத்தை எல்லோரும் ஒரே சமயத்தில் திறக்கிறார்கள். கொக்கிலமேட்டிலும் தேவனேரியிலும் கைபேசியில், செங்கல்பட்டு ஆட்சியரகத்தில் பெரிய திரையில், சென்னைச் செய்தி நிலையங்களில் மேசைக் கணினியில். அத்தனை பேருக்கும் வேண்டியது முட்டுக்காட்டிலிருந்து ஆலம்பரை வரை நீளும் ஒரே கடலோரத் துண்டு.

வரைபட சர்வருக்கு எந்த ஜாவா, எவ்வளவு நினைவகம், எந்தக் கார்பேஜ் கலெக்டர் என்ற கேள்விகளுக்கு எத்தனையோ பதில்கள் உலவுகின்றன. பெரும்பாலானவை சாதாரண நாளின் சராசரி வேகத்தை வைத்துச் சொல்லப்பட்டவை. கடலோரத்துக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. ஆண்டில் முன்னூற்றைம்பது நாள் சும்மா இருக்கும் சர்வர், மிச்சமுள்ள சில இரவுகளில் தடுமாறாமல் நிற்க வேண்டும். அந்த இரவை வைத்துத்தான் இயக்கச் சூழலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

வரைபடத்துக்கும் ஜாவாவுக்கும் உள்ள உறவு பழையது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1996-இல் தொடங்கிய ஜியோடூல்ஸ் நூலகமும், அதன்மேல் 2001-இல் நியூயார்க்கில் எழுந்த ஜியோசர்வரும் இன்று உலகெங்கும் அரசு அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் ஓடுகின்றன. கடலியல் தரவுகளைப் பகிரும் எர்டாப், த்ரெட்ஸ் ஆகியவையும் ஜாவாவில் எழுதப்பட்டவையே. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம், 2004 சுனாமிக்குப் பிறகு 2007 அக்டோபரிலிருந்து சுனாமி முன்னெச்சரிக்கை மையத்தையும் நடத்திவரும் அதே நிறுவனம், தன் கடல் தரவுகளை எர்டாப் வழியாகவும் தருகிறது. கோவளத்து மீனவருக்கு எட்டும் கடல் தகவல்களின் பின்னணியில் ஜாவாவுக்கும் ஒரு பங்கு உண்டு.

மாமல்லபுரம் போன்ற ஓர் ஊரின் வரைபடத்தில் அடுக்குகள் மற்ற இடங்களைவிட நெருக்கமானவை. கடற்கரைக் கோயிலும் ரதங்களும் 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். தொல்லியல் சட்டப்படி ஒவ்வொரு சின்னத்தையும் சுற்றி 100 மீட்டர் தடை வளையம், அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டு வளையம். சின்னங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அதன்மேல் 2019 ஜனவரி 18-ஆம் தேதிய கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வரும்: உயர் ஓதக் கோடு, மக்கள்தொகை அடர்த்திக்கு ஏற்ப 50 மீட்டரோ 200 மீட்டரோ கட்டடம் கூடாத பகுதி. உயர் ஓதக் கோட்டை வரையறுத்தது அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள தேசிய நீடித்த கடலோர மேலாண்மை மையம். அடியில் செயற்கைக்கோள் படம், நடுவில் சர்வே எண்கள், மேலே கிழக்குக் கடற்கரைச் சாலையும் பக்கிங்காம் கால்வாயும். ஒவ்வோர் அடுக்கும் பாதி ஒளிபுகும் வண்ணத்தில்.

ஒரு டைல் கேட்கப்படும்போது சர்வர் என்ன செய்கிறது? போஸ்ட்ஜிஐஎஸ்-இலிருந்து கோடுகளையும் பரப்புகளையும் ஒவ்வொன்றாக வாங்குகிறது. அவை நில அளவையின் வசதிக்காக யுடிஎம் 44-ஆம் மண்டலத்தில் இருந்தால், இணைய வரைபடத்தின் மெர்கேட்டர் ஆயத்தொலைவுக்கு மாற்றுகிறது. பிறகு ஓரங்கள் படிக்கட்டாகத் தெரியாதபடி மழுங்க வரைகிறது. பெயர்களை ஒன்றோடொன்று மோதாமல் வைக்கிறது. கடைசியில் பிஎன்ஜி ஆகச் சுருக்கி அனுப்புகிறது. முதல் படி தரவுத்தளத்தின் வேலை. மற்ற நான்கும் ஜாவாவின் வேலை. ஆகவே இட அட்டவணை இல்லாத தரவுத்தளத்தை வைத்துக்கொண்டு ஜாவா செட்டிங்கைத் திருகுவது வீண் உழைப்பு. மேற்பார்வைப் படிநிலைகள் இல்லாத பெரிய டிஃப் கோப்புக்கும் அதுவே பொருந்தும். அவை சரியான பிறகே இயக்கச் சூழலின் பங்கு வெளியே தெரியும்.

அந்தப் பங்கில் மிகப் பெரியது வரையும் வேலை. இதில்தான் எந்த ஜாவா என்ற கேள்விக்கு உண்மையான வரலாறு இருக்கிறது. 2010-களின் தொடக்கத்தில் ஜியோசர்வர் கையேடு சன் நிறுவனத்தின், பின்னர் ஆரக்கிளின், ஜாவாவையே பரிந்துரைத்தது. காரணம் டக்டஸ் என்ற மூடிய வரைபொறி. ஒரே ஒருவர் கேட்கும்போது அது விரைவாக வரையும். பல த்ரெட்டுகள் ஒன்றாகக் கேட்டால் அவற்றை வரிசையில் நிறுத்திவிடும். கோர்களைக் கூட்டினாலும் வேகம் அதே விகிதத்தில் கூடாது. ஓப்பன்ஜேடிகே-யில் அதற்குப் பதிலாக இருந்த பைசீஸ், தனி வேகத்தில் பின்தங்கியது. 2007-இல் கனடாவின் விக்டோரியாவில் தொடங்கி 2011-இல் டென்வர் வரை ஃபாஸ்4ஜி மாநாடுகளில் நடந்த வரைபட சர்வர் பந்தயங்கள், சி மொழியில் எழுதப்பட்ட மேப்சர்வரோடு ஜியோசர்வரை நேருக்கு நேர் நிறுத்தின. இத்தகைய பலவீனங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் அந்தப் பந்தயங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பிரான்ஸ் நாட்டு வானியல் மென்பொருளாளர் லோரான் பூர்ஜெஸ். பைசீஸை எடுத்து, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி வேலைப்பரப்பு கொடுத்து, ஒரே அணிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்படி மாற்றி எழுதினார். அதுதான் மார்லின். உயர் ஓதக் கோடு போல வளைந்து நெளிந்து ஆயிரக்கணக்கான புள்ளிகளோடு வரும் கோடுகளில் அதன் பலன் கண்கூடு. 2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9-இலிருந்து மார்லினே ஓப்பன்ஜேடிகே-யின் இயல்பான வரைபொறி. ஜாவா 8-இல் அதைத் தனி ஜார் கோப்பாகச் சேர்த்துத் தொடக்க வரியில் பெயர் சொல்லி அழைக்க வேண்டியிருந்தது. அந்த வரியை இன்றும் ஜாவா 17-இன் செட்டிங்கில் ஒட்டிவைத்திருக்கும் சர்வர்கள் உண்டு. அதற்கு இப்போது எந்தத் தேவையும் இல்லை.

எனவே பதிப்புதான் முக்கியம். யார் கட்டித் தந்தது என்பது வேகத்தைப் பொறுத்தவரை சிறிய விஷயம். டெமுரின், அமேசானின் கொரெட்டோ, ஜூலு, லிபெரிகா, உபுண்டுவின் சொந்தத் தொகுப்பு ஆகிய எல்லாம் ஒரே ஓப்பன்ஜேடிகே மூலநிரலிலிருந்து வருபவை. இவற்றுக்கிடையே தேர்வு செய்ய வேண்டியது பாதுகாப்புத் திருத்தம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது, எத்தனை ஆண்டு வருகிறது, உரிமம் என்ன சொல்கிறது என்பதை வைத்து. 2019 ஏப்ரலில் ஆரக்கிள் தன் ஜாவா 8 திருத்தங்களை வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணமாக்கியது. 2023 ஜனவரியில் மொத்த ஊழியர் எண்ணிக்கையை வைத்துச் சந்தா கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தது. ஒரே ஒரு வரைபட சர்வர் ஓட்டும் கல்லூரி முழுப் பணியாளர் பட்டியலையும் எண்ண வேண்டிய நிலை வரக்கூடாது. லினக்ஸ் தொகுப்போடு வரும் ஓப்பன்ஜேடிகே அல்லது டெமுரின், இரண்டில் ஒன்று போதும்.

தமிழில் வரைபடம் போடுகிறவருக்குப் பதிப்பைப் பற்றி இன்னொரு காரணமும் இருக்கிறது. பரிந்துரைப் பட்டியல்களில் அது இடம்பெறுவதில்லை. கொக்கிலமேடு என்ற பெயரின் முதல் எழுத்தில் உயிர்க்குறி ககரத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். தேவனேரியில் ஏகாரக் கொம்பு மெய்க்கு முன்னால் வர வேண்டும். யூனிகோடில் அது பின்னால்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. இடம் மாற்றி அடுக்குவது எழுத்தமைப்பு நிரலின் பொறுப்பு. ஜாவா 9-இல்தான் பழைய ஐசியு அமைப்பு நிரலுக்குப் பதிலாக ஹார்ஃப்பஸ் வந்தது. உலாவிகளிலும் ஆண்ட்ராய்டிலும் தமிழை ஒழுங்காகக் காட்டும் அதே நிரல். ஆனால் நிரல் மட்டும் போதாது, எழுத்துருவும் வேண்டும். ஹெட்லெஸ் என்ற பெயரில் வரும் மெலிந்த ஜாவா தொகுப்பையும் சின்னஞ்சிறு கன்டெய்னர்களையும் நிறுவும்போது எழுத்துருக்களோ ஃபான்ட்கான்ஃபிக் நூலகமோ கூடவே வராமல் போகலாம். அப்போது ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள் வரும், அல்லது படமே வராமல் பிழைச் செய்தி வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழை சர்வரிலேயே நிறுவி, ஸ்டைல் கோப்பில் அதன் பெயரைச் சொல்லி, ஜியோசர்வரின் நிலைப் பக்கத்தில் எழுத்துருப் பட்டியலில் அது தெரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். வெளியேற வேண்டிய ஊரின் பெயர் படிக்க முடியாமல் போனால் வேகத்தால் யாருக்கு என்ன பயன்?

அடுத்தது நினைவகம். எதுவும் சொல்லாவிட்டால் ஜாவா கணினி ரேமில் நான்கில் ஒரு பங்கைத் தன் ஹீப்பின் உச்சமாக எடுத்துக்கொள்ளும். உடனே பலருக்கும் தோன்றுவது, 16 ஜிபி இருக்கிறதே, 12-ஐக் கொடுத்துவிடுவோம் என்பது. அதைச் செய்யக்கூடாது. ஜியோசர்வர் கோடுகளையும் பரப்புகளையும் ஓடையாகப் படித்து வரைந்துவிட்டு விட்டுவிடும். மாவட்டத்தின் அத்தனை சர்வே எண்களையும் ஹீப்பில் சுமப்பதில்லை. இடம் பிடிப்பது படம்தான். அதைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். ஒரு புள்ளிக்கு 4 பைட். 256க்கு 256 டைல் என்றால் 256 கேபி. ஜியோசர்வரின் டைல் கேச்சான ஜியோவெப்கேச், டைல்களை நான்குக்கு நான்காகச் சேர்த்து ஒரே படமாக வரைந்து வெட்டும். அது 4 எம்பி. ஒரு கோரிக்கைக்கு ஜியோசர்வர் இயல்பாக அனுமதிக்கும் உச்சம் 64 எம்பி, அதாவது 4096க்கு 4096 படம். நான்கு கோர் கணினியில் ஒரே நேரத்தில் எட்டுப் பேரின் உச்சப் படங்களை வரைந்தாலும் 512 எம்பிதான். செயற்கைக்கோள் படத் துண்டுகளின் கேச் இயல்பாக ஹீப்பில் பாதி வரை எடுக்கும். ஆகக் கூட்டிப் பார்த்தால் 4 ஜிபி தாராளம். மிச்சத்தைப் போஸ்ட்ஜிஐஎஸ்-க்கும் இயங்குதளத்தின் கோப்புக் கேச்சுக்கும் விட்டுவிட்டால் டிஃப் கோப்புகளை வட்டிலிருந்து மீண்டும் மீண்டும் படிக்கும் வேலை குறையும். தொடக்க அளவையும் உச்ச அளவையும் ஒன்றாகவே வைத்துவிடுவது நல்லது. நெருக்கடி நேரத்தில் ஹீப் வளர்ந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

கார்பேஜ் கலெக்டர் தேர்வில் கருத்து வேறுபாடு அதிகம். பேரலல் கலெக்டர் மொத்த வேலையில் சிக்கனமானது, ஆனால் சுத்தம் செய்யும்போது எல்லாவற்றையும் நிறுத்தும். ஜாவா 9 முதல் இயல்பாக வரும் ஜி1, வேலை நடக்கும்போதே பின்னணியில் பார்த்து வைத்து, நிறுத்தங்களைச் சிறு துண்டுகளாக்கும். ஜியோசர்வர் கையேடு இலேசான பளுவுக்குப் பேரலலையும், தொடர்ந்த பளுவும் 6 ஜிபி அல்லது அதற்கு மேல் ஹீப்பும் இருந்தால் ஜி1-ஐயும் சொல்கிறது. பழைய சிஎம்எஸ் ஜாவா 14-இல் நீக்கப்பட்டது. இன்னும் அந்தப் பெயரைத் தொடக்க வரியில் வைத்திருந்தால் ஜாவா 17 தொடங்கவே மறுத்துவிடும். இசட்ஜிசி ஜாவா 15-இல் முழுப் பயன்பாட்டுக்கு வந்து, 21-இல் தலைமுறை பிரித்துச் சுத்தம் செய்யும் திறனும் பெற்றது. அதன் நிறுத்தங்கள் மிகக் குறுகியவை. ஆனால் அந்தக் குறுக்கத்துக்கு விலையாகப் ப்ராசஸரையும் நினைவகத்தையும் கேட்கிறது. நான்கு கோரும் வரைந்துகொண்டிருக்கும் இரவில் ஒரு கோரைச் சுத்தம் செய்ய அனுப்புவது கட்டுப்படியாகாது. பெரிய கணினி உள்ள மையங்களுக்கு அது பொருந்தும்.

என் தேர்வு 4 ஜிபியிலும் ஜி1 தான், ஆனால் ஒரு திருத்தத்தோடு. ஜி1 ஹீப்பைச் சம அளவுப் பகுதிகளாகப் பிரிக்கிறது. ஏறத்தாழ 2048 பகுதிகள் வருமாறு. 4 ஜிபிக்கு ஒரு பகுதி 2 எம்பி. ஒரு பகுதியின் பாதியை எட்டும் பொருள் எதுவானாலும் அதைப் பூதாகரமானது என்று வகைப்படுத்தி, தொடர்ச்சியான முழுப் பகுதிகளில் தனியே வைக்கும். நம் 4 எம்பி படம் உண்மையில் 4 எம்பியும் அணியின் தலைப்பாக 16 பைட்டும். அந்த 16 பைட்டுக்காக மூன்றாவது பகுதி ஒன்று முழுதாகப் போய்விடுகிறது: 4 எம்பி படத்துக்கு 6 எம்பி இடம். புதிய ஜாவா இத்தகைய அணிகளைச் சீக்கிரமே விடுவித்துவிடும் என்றாலும், விநாடிக்குப் பத்துப் பதினைந்து படம் வரையும்போது தொடர்ச்சியான இடம் தேடித் தவிக்க நேரிடும். பகுதி அளவை 16 எம்பி என்று சொல்லிவிட்டால் எல்லை 8 எம்பிக்குப் போய்விடும், 4 எம்பி படம் சாதாரணப் பொருளாகிவிடும். 8 எம்பி பகுதி போதாது; எல்லை சரியாக 4 எம்பியில் விழுந்து, அதே 16 பைட் மறுபடியும் தடுக்கும்.

சாஃப்ட் ரெஃபரன்ஸ் என்ற இன்னொரு செட்டிங்கும் புயல் இரவில்தான் தன் குணத்தைக் காட்டும். தரவுத்தள இணைப்பு விவரம், ஆயத்தொலைவு முறை போன்றவற்றை ஜியோசர்வர் இந்த வகையில் கேச் செய்கிறது. காலியாக இருக்கும் ஒவ்வோர் எம்பிக்கும் ஒரு விநாடி என்பது ஜாவாவின் இயல்பான ஆயுள் கணக்கு. பளு ஏற ஏறக் காலி இடம் சுருங்கும், கேச் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதன் ஆயுளும் சுருங்கும். கையேடு சொல்லும் 36000 என்ற எண் அதை எம்பிக்கு 36 விநாடியாக்குகிறது. ஒரே ஒரு வரி, சேர்த்துவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சர்வர் விழுந்தால், பெரும்பாலும் ஒரே நேரத்தில் எல்லாரையும் உள்ளே விட்டதால்தான் விழும். ஜியோசர்வரைத் தாங்கி ஓட்டும் டாம்கேட் இயல்பாக 200 த்ரெட்டுகளை அனுமதிக்கும். நான்கு கோரில் 200 பேருக்கு ஒரே நேரத்தில் வரைந்தால் யாருக்கும் படம் முடியாது, 60 விநாடி வரம்பு தாண்டி எல்லாம் வெட்டுப்படும். பொறுமையிழந்தவர் மறுபடி அழுத்துவார், பளு இரட்டிக்கும். ஜியோசர்வரின் கன்ட்ரோல்ஃப்ளோ நீட்டிப்பு, ரேஷன் கடையில் டோக்கன் கொடுப்பது போல, ஒரே சமயத்தில் இத்தனை படம் மட்டும் என்று நிறுத்தி அனுப்பும். கோர்களின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு என்பது அதன் கையேடு தரும் வழிகாட்டல். தரவுத்தள இணைப்புகளின் இயல்பான உச்சம் 10. எட்டு பேரை உள்ளே விட்டால் அது போதும், நூறு பேரை விட்டால் அதுவே இரண்டாவது நெரிசலாகிவிடும். ஒன்றை மட்டுமே செய்ய நேரமிருக்கிறது என்றால் ஜாவா செட்டிங்குகளை விட்டுவிட்டு முதலில் கன்ட்ரோல்ஃப்ளோவை அமையுங்கள்.

கேச் இருக்க எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 18-ஆம் பெருக்க நிலையில் இந்த அட்சரேகையில் ஒரு டைல் ஏறத்தாழ 149 மீட்டர் அகலம். சுமார் 2,945 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள செங்கல்பட்டு மாவட்டம் முழுவதற்கும் அந்த நிலையில் 1.32 லட்சம் டைல் வேண்டும். கடலோரமாக 60 கிலோமீட்டர் நீளம், 3 கிலோமீட்டர் அகலம் என்று ஒரு பட்டையை மட்டும் எடுத்தால் எட்டாயிரத்துச் சொச்சம். நான்குக்கு நான்காகச் சேர்த்து வரைந்தால் சுமார் 500 முறை வரைந்தால் தீர்ந்தது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானதாக அறிவிப்பு வந்த அன்றே இதை முடித்துவிட முடியும், முடிக்க வேண்டும். ஆனால் மணிக்கு மணி மாறும் புயல் பாதையையும், ஒருவர் தன் சர்வே எண்ணை மட்டும் கேட்கும் வடிகட்டலையும், அச்சுக்கு எடுக்கும் பெரிய படத்தையும் முன்கூட்டி வரைந்து வைக்க முடியாது. இயக்கச் சூழல் சுமக்க வேண்டியது அந்த மிச்சத்தைத்தான்.

மேகக் கணினியிலோ கன்டெய்னரிலோ வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: இரண்டு ப்ராசஸருக்குக் குறைவாகவோ 1792 எம்பிக்குக் குறைவான நினைவகத்தோடோ இருக்கும் இடத்தில் ஜாவா தானாகவே ஒற்றை த்ரெட் சீரியல் கலெக்டரைத் தேர்ந்துவிடும். 2 ஜிபி கன்டெய்னரில் ஹீப் 512 எம்பி ஆகிவிடும். சோதனைக்கு மலிவாகக் கிடைத்த கணினியே நிரந்தரமாகிவிட்ட பல இடங்களில் நிலைமை இதுதான். அளவையும் கலெக்டரையும் வெளிப்படையாக எழுதிவைப்பதே வழி.

பதிப்பைப் பற்றிய கடைசிக் காரணம் பாதுகாப்பு. 2024 ஜூலையில் வெளியான சிவிஇ-2024-36401 ஓட்டை, கடவுச்சொல் இல்லாமலே வெளியாள் ஜியோசர்வரில் தன் நிரலை ஓட்ட இடம் கொடுத்தது. கடுமை பத்துக்கு 9.8. திருத்தம் 2.23.6, 2.24.4, 2.25.2 பதிப்புகளில் வந்தது. ஆனால் 2.23-லிருந்தே ஜியோசர்வர் ஜாவா 8-ஐ ஏற்பதில்லை. ஓடுகிற ஜாவாவை ஏன் தொட வேண்டும் என்று விட்டுவைத்தவர்கள் அந்த வாரத்தில் ஜார் கோப்புகளைக் கையால் மாற்ற வேண்டியிருந்தது, அல்லது ஜாவாவையும் ஜியோசர்வரையும் ஒருசேர அவசரமாக ஏற்ற வேண்டியிருந்தது. பழைய ஜாவாவில் தங்குவதன் செலவு வேகத்தில் தெரியாமல் இங்கே தெரிந்தது. அதே போல, ஜியோசர்வரின் 2.x வரிசை டாம்கேட் 9-இல்தான் ஓடும். டாம்கேட் 10-ஐப் போட்டால் தொடங்கவே தொடங்காது.

இதில் எதையும் சொல்வதை நம்பிச் செய்ய வேண்டியதில்லை, அளந்து பார்க்கலாம். முந்தைய புயல் நாளின் கோரிக்கைப் பதிவு இருந்தால் அதையே ஜேமீட்டர் என்ற பளுச் சோதனைக் கருவியில் திருப்பி ஓட்டுங்கள், ஒருவர், எட்டுப் பேர், அறுபது பேர் என்று ஏற்றிக்கொண்டு. பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, நூற்றில் மிக மெதுவான ஐந்து கோரிக்கைகளை. கார்பேஜ் பதிவைத் திறந்து வைத்தால் அந்த ஐந்தும் நிறுத்தத்தோடு பொருந்துகின்றனவா என்று தெரிந்துவிடும். பொருந்தவில்லை என்றால் குற்றம் தரவுத்தளத்திலோ ஸ்டைல் கோப்பிலோ இருக்கிறது, கலெக்டரை மாற்றிப் பயனில்லை. ரீஸ்டார்ட் ஆனவுடன் எடுக்கும் அளவுகளையும் நம்ப வேண்டாம். அடிக்கடி ஓடும் நிரலை ஜாவா ஓடஓடத்தான் இயந்திர மொழிக்கு மாற்றுகிறது, முதல் சில நிமிடங்கள் மந்தமாகவே இருக்கும். அதே காரணத்தால் புயல் இரவில் சர்வரை ரீஸ்டார்ட் செய்வது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். செய்தே ஆக வேண்டுமானால் மாற்று சர்வர் ஒன்று பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கட்டும், புதிதாகத் தொடங்கியதற்குக் கடலோரப் பட்டையின் நூறு டைல்களை வரையக் கொடுத்துவிட்டுப் பிறகு மக்களை அதன் பக்கம் திருப்பலாம்.

ஆக, நான்கு கோர், 16 ஜிபி உள்ள ஒரு மாவட்ட அளவிலான சர்வருக்கு நான் வைக்கும் அமைப்பு இது: ஓப்பன்ஜேடிகே 17 அல்லது ஜியோசர்வர் பதிப்பு ஏற்றால் 21, டாம்கேட் 9, ஹீப் தொடக்கமும் உச்சமும் 4 ஜிபி, ஜி1, பகுதி அளவு 16 எம்பி, சாஃப்ட் ரெஃபரன்ஸ் 36000, ஒரே நேரத்தில் எட்டுப் படம், தமிழ் எழுத்துருவும் ஃபான்ட்கான்ஃபிக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. மாற்றங்களைச் செப்டம்பருக்குள் முடித்து, அறுபது பேர் சோதனையை ஒருமுறை ஓட்டிவிட்டு, டிசம்பர் முடியும் வரை எந்தச் செட்டிங்கையும் தொடாமல் விட்டுவிட வேண்டும்.